வட்ட இயக்கக் கணக்கு: தரையில் நின்று போடுவதா, வண்டிக்குள் உட்கார்ந்து போடுவதா?

வளைவில் திரும்புகிறது ஒரு கார். நிறை 1000 கிலோ, வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர், வளைவின் ஆரம் 50 மீட்டர், சாலை சமதளம். டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு விசை எவ்வளவு? பதினோராம் வகுப்பில் வட்ட இயக்கம் தொடங்கியதுமே வந்து நிற்கும் கணக்கு இது. விடைத்தாள்களில் அடிக்கடி காணும் படம் இப்படி இருக்கும்: மையத்தை நோக்கி ஓர் அம்பு, அதன் பெயர் உராய்வு. அதே திசையில் இன்னோர் அம்பு, அதன் பெயர் மையநோக்கு விசை, 4500 நியூட்டன். வெளிப்பக்கமாக மூன்றாவது அம்பு, மையவிலக்கு விசை, அதுவும் 4500 நியூட்டன். உள்ளே இழுப்பதும் வெளியே தள்ளுவதும் சமம் என்று எழுதினால் உராய்வு சுழி என்று வருகிறது. உராய்வே இல்லாமல் கார் திரும்பிவிட்டது!

இந்த மாணவருக்குச் சூத்திரம் தெரியும். மணிக்கு 54 கிலோமீட்டரை 3.6 ஆல் வகுத்து நொடிக்கு 15 மீட்டர் என்று மாற்றவும் தெரியும். 1000 × 15² / 50 = 4500 என்பதும் சரி. கணக்கை எங்கே நின்று பார்க்கிறோம் என்பதை மட்டும் அவர் முடிவு செய்யவில்லை. சாலையோரம் நிற்பவர் எழுத வேண்டியதையும் காருக்குள் இருப்பவர் எழுத வேண்டியதையும் ஒரே படத்தில் போட்டுவிட்டார்.

அடிப்படை வட்ட இயக்கக் கணக்குகளுக்கு வழி மூன்று. தரையில் நின்று பார்க்கலாம். பொருளோடு சேர்ந்து சுழன்றபடி பார்க்கலாம். ஆற்றல் கணக்கை வைத்து வேகத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். மனப்பாடச் சூத்திரத்தில் எண்ணைப் போடுவது நான்காவது வழி. பலர் கையாளும் வழியும் அதுதான். முதல் இரண்டும் ஒரே விடையைத்தான் தரும். இதில் எது உண்மை, எது பொய் என்று வகுப்பறையில் நடக்கும் வாதம் கணக்குப் போட உதவாது. எந்தக் கணக்குக்கு எது குறைந்த தவறோடு முடியும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

தரையில் நின்று

பாடநூல் இதை நிலைமக் குறிப்பாயம் என்கிறது. இங்கே படத்தில் வரையும் ஒவ்வோர் அம்புக்கும் ஒரு சோதனை உண்டு: இந்த விசையைக் கொடுக்கும் பொருள் எது? எடைக்குப் பூமி. இழுவிசைக்குக் கயிறு. உராய்வுக்கும் செங்குத்து விசைக்கும் சாலை. மையநோக்கு விசைக்கு? அப்படி ஒரு பொருளைக் காட்ட முடியாது. அதனால் அதற்கு அம்பும் கிடையாது. ஏற்கெனவே வரைந்த அம்புகளை மையத்தின் திசையில் கூட்டினால் வரும் மொத்தத்துக்குத்தான் மையநோக்கு விசை என்று பெயர். பெயரின் கடைசியில் ‘விசை’ என்று இருப்பதால் அதுவும் எடை, உராய்வு போல ஒரு தனி விசை என்று தோன்றிவிடுகிறது. இலங்கைப் பாடநூல்களில் மையநாட்ட விசை என்று வரும். அங்கேயும் இதே சறுக்கல்தான்.

அம்புகள் முடிந்ததும் வட்டத்தைத் தேட வேண்டும். அதன் தளம் எது, மையம் எங்கே, ஆரம் எவ்வளவு. பிறகு மையத்தை நோக்கி ஓர் அச்சு, அதற்குச் செங்குத்தாக இன்னோர் அச்சு. மையத் திசையில் விசைகளின் கூட்டல் இடப்பக்கம். நிறை × வேகம்² / ஆரம் வலப்பக்கம். இந்த முறையில் அது சமக்குறிக்கு வலப்பக்கத்தை விட்டு நகரவே கூடாது. சீரான வட்ட இயக்கத்தில் மற்ற அச்சில் கூட்டல் சுழி.

மேலே சொன்ன காருக்கு மையத் திசையில் இருப்பது உராய்வு ஒன்றுதான். ஆகவே உராய்வு 4500 நியூட்டன். கணக்கு முடிந்தது. உராய்வுக் குணகம் 0.5 என்று கேள்வியில் கொடுத்திருந்தால் இங்கே இன்னொரு பொறி காத்திருக்கிறது. 0.5 × 1000 × 9.8 = 4900 என்று எழுதி அதையே விடையாகத் தருவார்கள். 4900 என்பது சாலையால் அதிகபட்சம் தர முடிந்தது. இப்போது தந்துகொண்டிருப்பது 4500. ஓய்வுநிலை உராய்வு தேவைக்கு ஏற்ப மாறும். உச்சத்தைத் தொடுவது வழுக்கப் போகும் கணத்தில் மட்டுமே. ‘பெரும வேகம்’ என்ற சொல் கேள்வியில் இருந்தால்தான் குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கிச் சமன்பாட்டில் வைக்கலாம். அப்படி வைத்தால் வேகம்² = 0.5 × 9.8 × 50 = 245; வேகம் நொடிக்கு 15.65 மீட்டர், அதாவது மணிக்கு 56 கிலோமீட்டர். நிறை அடிபட்டுப் போகிறது, லாரிக்கும் ஸ்கூட்டருக்கும் இதே எண்தான். மழையில் குணகம் 0.25 ஆக இறங்கினால் வேகம் பாதியாகாது, வர்க்கமூலத்தின்படி 0.707 மடங்காகும்: மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர்.

கயிற்றில் தொங்கும் குண்டு கிடைமட்ட வட்டத்தில் சுற்றும் கூம்பு ஊசலும் தரை முறைக்கே உரியது. 1 மீட்டர் கயிறு, செங்குத்துக் கோட்டுடன் 30°. குண்டு சுற்றும் வட்டத்தின் ஆரம் 1 மீட்டர் அல்ல, 1 × சைன் 30° = 0.5 மீட்டர். மையம் கயிறு கட்டிய ஆணியில் இல்லை. குண்டின் மட்டத்தில், ஆணிக்கு நேர் கீழே இருக்கிறது. இதைப் படத்தில் ஒரு புள்ளியாகக் குறித்துவிட்டாலே பாதித் தவறு குறையும். கோண வேகத்தின் வர்க்கம் 9.8 / (1 × காஸ் 30°) = 11.3, ஒரு சுற்றுக்கு 1.87 நொடி. அதே கயிற்றில் தனி ஊசல் சிறு வீச்சில் ஆடினால் 2.01 நொடி. இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வருவது விடை சரி என்பதற்கு ஒரு நல்ல அடையாளம்.

சேர்ந்து சுழன்று

பேருந்து வளைவில் திரும்பும்போது உடம்பு வெளிப்பக்கமாகச் சாய்கிறதே, அந்த அனுபவத்தின் கணித வடிவம் இது. வரலாற்றிலும் இதுதான் முதலில் வந்தது. மையவிலக்கு விசையின் அளவை டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 1659 இல் கணக்கிட்டார்; மையநோக்கு என்ற சொல்லை உருவாக்கி 1687 இல் அச்சில் கொண்டுவந்தவர் நியூட்டன். உடம்பு உணர்வதைப் பெயரிடுவது எளிது. உடம்பை விட்டு வெளியே வந்து நின்று பார்ப்பதற்கு இன்னும் காலம் தேவைப்பட்டது.

முறை இதுதான். சுழலும் பொருளோடு சேர்ந்து சுழல்கிறோம். ஆகவே பொருள் நமக்கு அசையாமல் நிற்கிறது. எடை, இழுவிசை, உராய்வு எல்லாவற்றையும் முன்போலவே வரைகிறோம். கூடவே வெளிப்பக்கமாக நிறை × வேகம்² / ஆரம் அளவுள்ள ஓர் அம்பு. இது போலி விசை. கொடுக்கும் பொருள் என்று எதையும் காட்ட முடியாது, இந்தக் குறிப்பாயத்தைத் தேர்ந்தெடுத்ததால் வந்தது. பிறகு எல்லாத் திசையிலும் கூட்டல் சுழி. மையநோக்கு என்ற சொல்லே இந்தப் பக்கத்தில் வரக் கூடாது.

சமதளச் சாலைக்கு இதனால் எந்த லாபமும் இல்லை. வெளிவிளிம்பு உயர்த்தப்பட்ட சாலையில் உராய்வும் சேர்ந்து வரும்போதுதான் இதன் பலன் தெரியும். ஒரு கணக்கை முழுசாகப் போட்டுப் பார்த்துவிடலாம்: ஆரம் 60 மீட்டர், சாய்வு 15°, குணகம் 0.3. வழுக்காமல் போகக்கூடிய பெரும வேகம் என்ன?

முதல் சிக்கல் அச்சுகளை எப்படி வைப்பது என்பது. தரை முறையில் முடுக்கம் கிடைமட்டமாக மையத்தை நோக்கி இருக்கிறது. ஆகவே கிடைமட்டம், செங்குத்து என்று அச்சு வைப்பதே நல்லது. ஆனால் சாய்தளக் கணக்குகளில் பழகிய கை தானாகவே சாய்வின் வழியே அச்சைப் போட்டுவிடும். போட்டதும் பழைய பழக்கத்தில் செங்குத்து விசை = எடை × காஸ் 15° என்றும் எழுதிவிடும். நின்றிருக்கும் வண்டிக்கு அது சரி. வளைவில் ஓடும் வண்டிக்குத் தவறு, ஏனென்றால் மையத்தை நோக்கிய முடுக்கத்துக்குச் சாய்வுக்குச் செங்குத்தான திசையிலும் ஒரு கூறு உண்டு. உராய்வில்லாத சாய்வான சாலையில் செங்குத்து விசை எடையைவிட அதிகம்: எடை / காஸ் 15°. பெருக்கலா வகுத்தலா என்ற இந்த ஓர் இடத்தில் போகும் மதிப்பெண் கொஞ்சமல்ல.

தமிழில் படிப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. செங்குத்து என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது: தரையிலிருந்து நேர் மேலே என்பதும் செங்குத்துதான், ஒரு பரப்புக்கு 90° என்பதும் செங்குத்துதான். ‘செங்குத்து விசை’யில் இருப்பது இரண்டாவது பொருள். சாய்வான சாலையில் அது நேர் மேலே நோக்காது, வளைவின் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் வண்டியைத் திருப்பவே செய்கிறது. ஆசிரியர்கள் இந்த விசையைப் ‘பரப்பு தரும் செங்குத்து விசை’ என்று முழுசாகச் சொல்லிப் பழக்கினால் நன்மை உண்டு.

சேர்ந்து சுழலும் முறையில் அச்சுச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. முடுக்கம் இல்லை, கூட்டல் எல்லாப் பக்கமும் சுழி. ஆகவே சாய்வின் வழியே அச்சு வைத்தாலும் ஆபத்தில்லை. இங்கே கிடைமட்டமாக வெளிநோக்கி ஓர் அம்பு, அவ்வளவே புதிது. அதைச் சாய்வில் பிரித்தால் சாய்வின் மேல்நோக்கி காஸ் கூறு, சாலையை அழுத்தும் திசையில் சைன் கூறு. எடையைப் பிரித்தால் சாய்வின் கீழ்நோக்கி சைன் கூறு, சாலையை அழுத்தும் திசையில் காஸ் கூறு. செங்குத்து விசை என்பது இரண்டு அழுத்தங்களின் கூட்டல் என்று பார்த்தவுடனே தெரிகிறது.

உராய்வின் திசையும் தானாகத் தெரியும். உராய்வே தேவைப்படாத வேகம் எது என்று முதலில் பார்க்க வேண்டும்: வேகம்² = 60 × 9.8 × டேன் 15° = 157.5, நொடிக்கு 12.55 மீட்டர், மணிக்கு 45 கிலோமீட்டர். அதைவிட வேகமாகப் போனால் மையவிலக்கு அம்பு வண்டியைச் சாய்வில் மேலே தள்ளுகிறது, உராய்வு கீழ்நோக்கிப் பிடிக்கிறது. மெதுவாகப் போனால் எடை வெல்கிறது, உராய்வு மேல்நோக்கி. தரை முறையில் இதே முடிவுக்கு வர ‘உராய்வு இல்லாவிட்டால் எந்தப் பக்கம் போயிருக்கும்’ என்று மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தொடக்கநிலை மாணவர் அங்கே தடுமாறுவார்.

மீதியை எழுதினால்: வேகம்² = 60 × 9.8 × (டேன் 15° + 0.3) / (1 − 0.3 × டேன் 15°). டேன் 15° = 0.268. மேலே 0.568, கீழே 0.920. வேகம்² = 363; வேகம் நொடிக்கு 19.06 மீட்டர், மணிக்கு 68.6 கிலோமீட்டர். கால்குலேட்டர் ரேடியனில் இருந்தால் டேன் 15 என்பது −0.856 என்று வரும். சாய்வுக் கோணத்தின் டேன் எதிர்க்குறியோடு வந்தாலே கருவியின் நிலையைச் சரிபார்க்க வேண்டும். ஆனால் சிறும வேகம் கேட்டு, டேன் 15° − 0.3 = −0.032 என்று வந்தால் அது தவறு அல்ல. இந்தச் சாலையில் வண்டி நின்றாலும் வழுக்காது, சிறும வேகம் என்று ஒன்று இல்லை என்பதே அதன் பொருள்.

ஆகவே என் பரிந்துரை இது: உராய்வோடு கூடிய சாய்வுச் சாலை, சுழலும் தட்டின் மேல் அசையாமல் கிடக்கும் பொருள், சுழலும் பாத்திரத்தில் நீரின் மேற்பரப்பு. இந்த வகைகளுக்குச் சேர்ந்து சுழலும் முறையை எடுக்கலாம். தாளின் ஓரத்தில் ‘சுழலும் குறிப்பாயம்’ என்று எழுதிவிட்டுத் தொடங்க வேண்டும். திருத்துபவருக்கும் புரியும், எழுதுபவரின் கையும் கட்டுப்படும்.

இந்த முறைக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. பொருள் சுழலும் குறிப்பாயத்தில் அசையாமல் இருக்க வேண்டும். சுழலும் தட்டில் ஓர் எறும்பு மையத்திலிருந்து வெளியே நடந்தால் மையவிலக்கு விசை மட்டும் போதாது. பிரெஞ்சு அறிவியலாளர் கொரியோலிஸ் 1835 இல் காட்டிய பக்கவாட்டு விசையும் சேர வேண்டும், அளவு 2 × நிறை × கோண வேகம் × நடக்கும் வேகம். சுழற்சி வேகமே கூடிக் குறைந்தால் இன்னொரு போலி விசை. அந்த நிலை வந்தால் தொடக்கநிலை மாணவர் தரைக்குத் திரும்பிவிடுவதே மேல்.

இந்த முறையை நாம் அறியாமலே ஒவ்வொரு நாளும் பயன்படுத்துகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். 9.8 என்ற எண் பூமியோடு சேர்ந்து சுழன்றபடி அளந்தது. நிலநடுக்கோட்டில் பூமியின் சுழற்சி மட்டும் 0.034 மீ/வி² குறைக்கிறது. துருவத்தில் 9.83, நிலநடுக்கோட்டில் 9.78 என்ற வேறுபாட்டில் பெரும்பங்கு அதுதான். மீதி பூமியின் சப்பையான வடிவத்தால்.

வேகமா, கோண வேகமா

இது சிறிய தேர்வு, ஆனால் நேரம் மிச்சமாகும். மையத்தை நோக்கிய முடுக்கத்தை வேகம்² / ஆரம் என்றும் எழுதலாம், கோண வேகம்² × ஆரம் என்றும் எழுதலாம். கேள்வியில் எது மாறாமல் இருக்கிறதோ அதை எடுக்க வேண்டும். சுழலும் தட்டில் எல்லாப் புள்ளிக்கும் கோண வேகம் ஒன்றே. பழைய இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது: 33.33 × 2 × 3.1416 / 60 = நொடிக்கு 3.49 ரேடியன். தட்டின் மேல் வைத்த நாணயத்துக்குக் குணகம் 0.2 என்றால், வழுக்காமல் இருக்கும் எல்லை 0.2 × 9.8 / 3.49² = 0.16 மீட்டர். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டின் விளிம்பே 15 சென்டிமீட்டரில் முடிந்துவிடுவதால் நாணயம் எங்கே வைத்தாலும் நிற்கும். 45 சுற்றில் எல்லை 8.8 சென்டிமீட்டர். 78 சுற்றில் 3 சென்டிமீட்டர்கூட இல்லை.

‘ஆரம் கூடினால் மையநோக்கு விசை கூடுமா குறையுமா’ என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்குப் பாதிப் பேர் கூடும் என்றும் பாதிப் பேர் குறையும் என்றும் சொல்வது இதனால்தான். வேகம் மாறாவிட்டால் குறையும். கோண வேகம் மாறாவிட்டால் கூடும். எது மாறாதது என்று சொல்லாத கேள்விக்கு விடை கிடையாது. சுற்றுக்காலம் கொடுத்திருந்தால், செயற்கைக்கோள் கணக்குகளில் அப்படித்தான் வரும், கோண வேகம் = 2 × 3.1416 / சுற்றுக்காலம் என்று நேராகப் போட்டுவிட வேண்டும். நடுவில் வேகத்தைக் கண்டுபிடித்து வர்க்கமாக்குவது தோராயப் பிழையை வளர்க்கும் வேலை. நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்பதை 60 ஆல் வகுக்க மறப்பவர்களைவிட 2 × 3.1416 ஆல் பெருக்க மறப்பவர்களே அதிகம்.

வேகம் மாறும்போது

கயிற்றில் கட்டிய கல்லைச் செங்குத்து வட்டத்தில் சுழற்றினால் மேலே ஏறும்போது வேகம் குறையும், இறங்கும்போது கூடும். இங்கே விசைச் சமன்பாடு மட்டும் போதாது. ஒவ்வொரு புள்ளியிலும் வேகம் என்ன என்று ஆற்றல் மாறா விதி சொல்ல வேண்டும். ஆற்றல் மட்டும் போட்டாலும் போதாது. அது இழுவிசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது, ஏனென்றால் கயிறு எப்போதும் இயக்கத்துக்குச் செங்குத்தாக இழுப்பதால் வேலையே செய்வதில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு.

கல் 0.5 கிலோ, கயிறு 0.8 மீட்டர், அடியில் வேகம் நொடிக்கு 7 மீட்டர் என்று வைப்போம். உச்சிக்கும் அடிக்கும் உயர வேறுபாடு 1.6 மீட்டர். உச்சியில் வேகம்² = 49 − 2 × 9.8 × 1.6 = 17.64, வேகம் 4.2. இனி விசைகள். அடியில் மையம் மேலே இருக்கிறது: இழுவிசை − 4.9 = 0.5 × 49 / 0.8; இழுவிசை 35.5 நியூட்டன். உச்சியில் மையம் கீழே இருக்கிறது, எடையும் கீழே: இழுவிசை + 4.9 = 0.5 × 17.64 / 0.8, இழுவிசை 6.1 நியூட்டன். வேறுபாடு 29.4, அதாவது எடையின் 6 மடங்கு. கயிறு தொய்யாத எந்தச் சுற்றிலும் இந்த வேறுபாடு எடையின் 6 மடங்குதான்; விடையைச் சரிபார்க்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. அடியின் வேகத்தையே உச்சியிலும் போட்டுவிட்டால் 25.7 நியூட்டன் என்று வரும், வேறுபாடு எடையின் 2 மடங்காகவே நிற்கும். தவறு உடனே பிடிபடும்.

அடுத்த தேர்வு பொருளைப் பிடித்திருப்பது கயிறா கம்பியா என்பது. கேள்வியில் ஒரே ஒரு சொல்லாக வரும், கண்ணில் படாமல் போகும். கயிற்றால் இழுக்க மட்டுமே முடியும். உச்சியில் இழுவிசை சுழிக்குக் கீழே போக முடியாது. ஆகவே உச்சியில் குறைந்தது √(9.8 × 0.8) = 2.8 மீ/வி, அடியில் √(5 × 9.8 × 0.8) = 6.26 மீ/வி வேண்டும். எடையற்ற கம்பி தாங்கவும் செய்யும், உச்சியில் வேகம் சுழியானாலும் பரவாயில்லை, அடியில் √(4 × 9.8 × 0.8) = 5.6 மீ/வி போதும்.

அடியில் வேகம் நொடிக்கு 5 மீட்டர் மட்டும் என்றால் என்ன ஆகும்? ஆற்றல் கணக்கு மட்டும் போட்டால் கல் 25 / 19.6 = 1.28 மீட்டர் ஏறி நிற்கும் என்று வரும். கம்பிக்கு அது சரியான விடை: ஏறி, நின்று, வந்த வழியே இறங்கும். கயிற்றுக்குத் தவறு. கயிறு கிடைமட்டத்தைத் தாண்டி எந்தக் கோணத்தில் தொய்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே இழுவிசை சுழி; எடையின் மையத் திசைக் கூறு மட்டுமே மையநோக்கு விசை: வேகம்² = 9.8 × 0.8 × சைன். ஆற்றலிலிருந்து வேகம்² = 25 − 2 × 9.8 × 0.8 × (1 + சைன்). இரண்டையும் சமன்படுத்தினால் சைன் = 9.32 / 23.52 = 0.396, கோணம் 23°. அடியிலிருந்து 1.12 மீட்டர் உயரத்தில், நொடிக்கு 1.76 மீட்டர் வேகத்தில், கல் வட்டத்தை விட்டு விலகி எறிபொருளாகிவிடுகிறது. அதன் கிடைமட்ட வேகம் 0.70 மீ/வி கடைசிவரை மிச்சமிருப்பதால் அது எட்டும் உயரம் 1.25 மீட்டர்தான், 1.28 அல்ல. வேறுபாடு 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆனால் ஒன்று வட்டப்பாதையில் நின்று திரும்பும் கல், மற்றொன்று தொய்ந்த கயிற்றோடு பறக்கும் கல்.

அடியில் வேகம் √(2 × 9.8 × 0.8) = 3.96 மீ/வி க்குள் இருந்தால் கல் கிடைமட்டத்தைத் தாண்டாது, வெறும் ஊசலாட்டம். அப்போது கயிறு தொய்யாது. ஆகவே தொய்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது 3.96 க்கும் 6.26 க்கும் இடையில் மட்டும். வழவழப்பான கோளத்தின் உச்சியிலிருந்து சறுக்கும் பொருளுக்கும் இதே உத்திதான். அங்கே சுழியாவது செங்குத்து விசை. காஸ் = 2/3, செங்குத்துக் கோட்டிலிருந்து கோணம் 48.2°.

இந்த வகைக் கணக்குகளுக்குச் சேர்ந்து சுழலும் முறையைச் சிலர் கையாள்வதுண்டு. ஆரத் திசையில் மட்டும் எழுதினால் சரியாகவே வரும். ஆனால் தொடுகோட்டுத் திசையில் எடையின் ஒரு கூறு சமன்படாமல் நிற்கும், ‘எல்லாப் பக்கமும் கூட்டல் சுழி’ என்ற வசதி போய்விடும். அந்த வசதி இல்லாதபோது அந்த முறையை எடுப்பதில் பொருளில்லை.

மனப்பாடச் சூத்திரம்

இதை நான் அடியோடு ஒதுக்கவில்லை. தொழிலில் இருப்பவர்கள் சூத்திரத்தை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். நம் நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் எழுதுவது: வெளிவிளிம்பு உயர்வு (சாய்வின் டேன்) + பக்க உராய்வுக் குணகம் = வேகம்² / (127 × ஆரம்). வேகம் மணிக்குக் கிலோமீட்டரில், ஆரம் மீட்டரில். 127 என்ற எண் மாயமல்ல: 9.8 × 3.6² = 127. அலகு மாற்றத்தைச் சூத்திரத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இந்தியச் சாலைக் காங்கிரசின் நெறிப்படி சமவெளியில் உயர்வு அதிகபட்சம் 0.07, உராய்வு 0.15. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு 6400 / (127 × 0.22) = 229 மீட்டர்; நெறியில் 230 மீட்டர் என்று இருக்கும். ரயில் பாதையிலும் இதே 127 வருகிறது: அகலப் பாதைக்கு உயர்வு = 1750 × வேகம்² / (127 × ஆரம்) மில்லிமீட்டர். 875 மீட்டர் ஆரத்தில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 101 மில்லிமீட்டர்.

ஆனால் நெடுஞ்சாலைச் சூத்திரத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது. முழுச் சமன்பாட்டின் கீழே இருந்த (1 − குணகம் × டேன்) எங்கே? 0.15 × 0.07 = 0.01, ஒரு சதவீதம்தான் என்பதால் அதை விட்டுவிட்டார்கள். நெடுஞ்சாலைக்கு அது நியாயம். அதே சூத்திரத்தை மேலே போட்ட 15°, 0.3 கணக்குக்குக் கொண்டுவந்தால் விடுபடுவது 8 சதவீதம், வேகம் 19.06 க்குப் பதிலாக 18.27 என்று வரும். கொள்குறி வினாவில் இரண்டும் தெரிவுகளாக இருந்தால் தவறானதில் போய் நிற்போம்.

இன்னொரு ஆபத்து, ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு சூத்திரங்கள். சமதள வளைவில் வேகம்² = குணகம் × 9.8 × ஆரம். பொருட்காட்சியின் மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் செங்குத்துச் சுவரில் ஓடும்போது வேகம்² = 9.8 × ஆரம் / குணகம். குணகம் மேலே இருந்தது கீழே வந்துவிட்டது. முதலாவது பெரும வேகம், இரண்டாவது சிறும வேகம். காரணம், இரண்டிலும் பாத்திரங்கள் இடம் மாறியிருக்கின்றன: சாலையில் எடையைத் தாங்குவது செங்குத்து விசை, திருப்புவது உராய்வு, கிணற்றில் எடையைத் தாங்குவது உராய்வு, திருப்புவது சுவர் தரும் செங்குத்து விசை. ஆரம் 5 மீட்டர், குணகம் 0.8 என்றால் மணிக்கு 28 கிலோமீட்டருக்குக் குறையக் கூடாது. ஓட்டுபவரை ஒரு புள்ளியாக வைத்த கணக்கு இது. வண்டி சாயும் கோணமும் நிறை மையம் சுவரிலிருந்து தள்ளி இருப்பதும் இதில் இல்லை. இந்த விளக்கம் தெரிந்தவருக்குச் சூத்திரம் மறந்தாலும் இரண்டு வரியில் வந்துவிடும்.

சூத்திரத்தை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நேரத்தில், எண் போடுவதற்கு முன் அதை எல்லைக்குக் கொண்டுபோய்ப் பார்க்க அரை நிமிடம் ஒதுக்கலாம். சாய்வுச் சாலைச் சூத்திரத்தில் கோணத்தைச் சுழியாக்கினால் சமதளச் சூத்திரம் வர வேண்டும். குணகத்தைச் சுழியாக்கினால் டேன் மட்டும் மிஞ்ச வேண்டும். குணகமும் டேனும் பெருகி 1 ஆனால் கீழே சுழி. எந்த வேகத்திலும் வண்டி மேல்நோக்கி வழுக்காது. 45° சாய்வில் குணகம் 1 என்றால் அப்படித்தான். மூன்றில் ஒன்று ஒத்துவராவிட்டால் சூத்திரத்தில் எங்கோ கூட்டல் கழித்தலாகியிருக்கிறது. அப்போது அதை அடித்துவிட்டு, வண்டியை ஒரு புள்ளியாக வரைந்து, முதல் அம்பாக எடையைப் போட்டுத் தொடங்க வேண்டும்.